வெள்ளாவியில் வெந்த பிரசாதம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
பவ வருஷம், கார்த்திகை மாதம்

சிரஞ்சீவி வேலாயுதத்துக்கு உன் அம்மா ஆயிரம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை சந்திரகலா மூவரும் மழைக்குப் பழகிப்போய்ச் சௌக்கியம். சென்னைப் பட்டணத்தில் நீ சளி, இருமல், ஹாஸ்டல் சாம்பார் மூன்றுக்கும் தப்பிச் சௌக்கியமாக இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதிப் போட்டால்தான் எனக்குச் சோறு சோறாக இறங்கும். உன் கடிதம் வந்த பிறகு தபால் கப்பல் இரண்டு போய்விட்டது, அம்மா பதில் போடவில்லையே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய், தெரியும். காகிதத்தை எடுத்து உன் பெயரை எழுதுவேன், யாராவது வாசலில் வந்து சீதாலெட்சுமி அம்மா, வானத்தைப் பாருங்கள் என்பார்கள், எழுந்து ஓடிவிடுவேன். வானத்தை எதற்குப் பார்த்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் உன் சங்கதி. புதுச் சட்டைப் பையில் ஃபவுண்டன் பேனாவை வைத்தபடியே சலவைக்குப் போட்டுவிட்டாய், சட்டை போனது போதாதென்று உன் அறையில் இருக்கிற பையனுடைய வேட்டியும் நீலமாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். அப்பா அதை உரக்கப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிப்பு மார்பில் குத்தியிருந்தால் என்ன ஆவது, மை விஷம் இல்லையா, சட்டை இல்லாமல் வகுப்புக்கு எப்படிப் போனாய், ஈரச் சட்டையோடு போனாயா, இதெல்லாம் ஒன்றும் எழுதாமல் பெரிய கதாசிரியர் மாதிரி நீல வேட்டியைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறாய். அந்தப் பையனுக்கு ஒரு நல்ல வேட்டி வாங்கிக் கொடுத்துவிடு. பையில் எதையாவது போட்டுவிட்டு மறப்பது உனக்கு அப்பா வழியில் வந்த சொத்து, உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. சுண்ணாம்பு தடவி மடித்த வெற்றிலையைப் பையில் வைத்து அவர் போட்ட சட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டால் போலீஸ்காரன் வந்து யாரை வெட்டினீர்கள் என்று கேட்பான். உன் தங்கை மட்டும் என்ன, கவுன் பை நிறைய ரப்பர் மரத்துக் கித்தாக்கொட்டையைப் பொறுக்கி வைத்துக்கொண்டு அப்படியே அழுக்கில் போட்டாள், அது துவைத்துக் காய்ந்து வந்து நம் வண்ணார் சபாபதி இஸ்திரிக் கரிப்பெட்டியை அதன்மேல் வைத்து அழுத்தியதும் பட்டென்று வெடித்ததில் அவன் பெட்டியைப் போட்டுவிட்டு நாய் மாதிரி நாலு கால் பாய்ச்சலில் கோழிக்கூண்டு வரைக்கும் போய்விட்டான். கேட்டால் யுத்தம் வந்துவிட்டது என்று நினைத்தானாம். இதெல்லாம் சில்லறை. நான் சொல்ல வந்தது சபாபதி வீட்டு அடுப்பையே அணைக்க வந்த சமாசாரம்.

ரயில்வே ஆபீசில் பெரிய துரை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சீமைக்குப் போகிறார். அதற்காகச் சனிக்கிழமை ஆபீசில் பேனா பிடிக்கிற எல்லாக் கிராணிகளும் அவரோடு உட்கார்ந்து போட்டோ பிடிப்பது என்று ஏற்பாடு. தலையிலிருந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு, ஒரு மடிப்புக் கலையக்கூடாது என்று உத்தரவு போட்டவர் துரை இல்லை, நம் பக்கத்து வீட்டுப் பெரிய கிராணியார் சின்னையாதான். உனக்குத்தான் அவரைத் தெரியுமே, துரைக்குத் தும்மல் வந்தால் இவர் கைக்குட்டை எடுப்பார். ஆகவே நம் குவார்ட்டர்ஸ் வரிசையில் இருக்கிற அத்தனை ஆண்பிள்ளைகளும் ஆபீசுக்கும் கோயிலுக்கும் போடுகிற நல்ல வெள்ளைக் கோட்டு, கால்சட்டை எல்லாவற்றையும் போட்டோவுக்கு முந்தின வாரமே மாரியாயியிடம் போட்டுவிட்டார்கள். நம் வரிசை முழுவதற்கும் வெளுத்துப் போடுகிறவர்கள் அவளும் அவள் புருஷன் சபாபதியும்தானே, உன்னைக் குழந்தையில் அழுக்கு மூட்டைமேல் உட்காரவைத்து, கழுதை இல்லாத ஊரில் நானே கழுதை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு சுமந்தவள். எல்லாத் துணியையும் சோடா உப்பில் முக்கி ஒரே வெள்ளாவிப் பானையில் ஆவிக்கு வைத்தார்கள். மறுநாள் காலையில் பானையைப் பிரித்த மாரியாயி போட்ட சத்தம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால், வேலு, ஒரு கோட்டு மிச்சமில்லை, அத்தனையும் செம்பருத்திப் பூ நிறம். நடுவில் சபாபதி தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான், கலியாண வீட்டில் மாப்பிள்ளையைத் தொலைத்தவன் மாதிரி.

வரிசையே கூடிவிட்டது. ஒருவர் சோடா உப்புக் கெட்டது என்றார், ஒருவர் ஈயச் சுரங்கத்துச் சேறு ஆற்றில் கலந்துவிட்டது என்றார். சின்னையா குடையை ஊன்றிக்கொண்டு வந்து தம் கோட்டை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார், இதைப் போட்டுக்கொண்டு துரை பக்கத்தில் நின்றால் ஆபீசில் எந்த ஊர்ப் பூசாரி என்று கேட்பார்கள் என்றார். இது மஞ்சள், வேறொன்றுமில்லை, இவள் உடம்பு முழுக்க மஞ்சளைப் பூசிக் குளித்துவிட்டு அந்தக் கையோடு கனவான்கள் உடுப்பைத் துவைத்திருக்கிறாள், சனிக்கிழமை காலையில் இந்தக் கோட்டு பால்போல வந்தால் ஆயிற்று, இல்லாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து நம் வரிசைத் துணி மொத்தமும் பாசார் தெருச் சீனர் சலவைக் கடைக்குப் போகிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னால் வரிசையில் யார் மறுத்துப் பேசுவார்கள், உன் அப்பா உட்பட எல்லோரும் தங்கள் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரியாயி என்னிடம் வந்து, ஏம்மா, ஒரு பொம்பளை மூஞ்சியில பூசுற மஞ்சளா இத்தினி கோட்டைச் செவக்க வைக்கும், நான் என்ன மஞ்சக் கொல்லையா என்று கேட்டாள். கேட்கும்போது சிரித்தாள், சிரித்த வாக்கிலேயே அழுதுவிட்டாள். நம் வரிசையை விட்டால் அவர்களுக்கு வேறு வீடு கிடையாது, வரிசைக்குப் பின்னால் அந்தக் கொட்டகையும் நம்மவர்கள் தயவில்தான் நிற்கிறது. எனக்கு அன்றைக்குக் காப்பி கூட இறங்கவில்லை.

சின்னையா சொன்னதில் மஞ்சள் என்கிற வரைக்கும் சரி. இண்டர் வகுப்பில் ரசாயனம் படித்தவள் நான், மஞ்சளில் சோடா பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் திரும்ப மஞ்சளாகும் என்பது எனக்குத் தெரியாதா. ஒரு மூலையில் எலுமிச்சம்பழம் பிழிந்தேன், செம்பருத்தி போய்ச் சாமந்தி வந்தது. பார்த்தாயா மாரியாயி, இதுதான் சாஸ்திரம் என்று குதித்தேன். பாசாரில் இருந்த எலுமிச்சம்பழம் அத்தனையையும் வாங்கிவரச் சொல்லி, நானும் அவளும் சந்திரகலாவும் விரல் எரிய எரியப் பிழிந்து கோட்டுகளை முக்கியெடுத்தோம். முன்னே சிவப்பாக இருந்த உடுப்பு இப்போது பளிச்சென்று மஞ்சளாக ஆயிற்று. மாரியாயி அதைப் பார்த்துவிட்டு, நல்ல சாஸ்திரம்மா, முன்னே பூசாரி, இப்ப புத்த சாமியாரு என்றாள். மஞ்சளை வெளுக்க நீலம் போட்டால் சரியாகிவிடும் என்று சபாபதி தன் பங்குக்கு நீலத்தைக் கரைத்து ஊற்றினான், அவ்வளவுதான், எல்லாம் கிளிப்பச்சை. உன் தங்கை கைதட்டிச் சிரித்தாள், முதுகில் ஒன்று வைத்தேன், பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீலத்தை அலசி அலசித் தொலைத்து மறுபடி மஞ்சளுக்கு வந்து சேர்ந்தோம். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, மஞ்சள் குளித்த அன்றைக்குப் புடவைத் தலைப்பில் ஒட்டுகிற கறை சாயங்காலம் கொடியிலிருந்து எடுக்கும்போது இருக்காதே, வெயில்தானே அதைத் தின்றுவிடும். காலேஜில் யாரும் சொல்லித்தரவில்லை, தினம் கண்ணால் பார்த்தது, புத்திக்கு எட்டியது எல்லாவற்றுக்கும் கடைசியாக. ஆனால் வெயிலுக்கு எங்கே போவது. விடிந்தால் மழை, பொழுது அடைந்தால் மழை, நம் வரிசைத் தவளைகள் கூட அலுத்துப்போய்ச் சும்மா இருந்தன. நான் பேனாவைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன் என்று சொன்னேனே, அது இந்த நாட்களில்தான், மேகம் கொஞ்சம் வெளுத்தால் போதும், யாராவது கூப்பிடுவார்கள், மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் கொட்டிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை வந்துவிட்டது, மறுநாள் போட்டோ. நான் அப்பாவிடம், நீங்கள் தந்தி மேசையில்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள், எந்த ஊரில் வெயில் அடிக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்றேன். அவருக்கு வேர்த்துவிட்டது. சீதா, ரயில்வே தந்தி கோட்டு காயப்போடுவதற்கா, வேலை போய்விடும் என்றார். மழையில் தண்டவாளம் எப்படி இருக்கிறது என்று கேட்பது உங்கள் கடமை, அவர்கள் கூடவே வெயிலைப் பற்றிச் சொன்னால் நீங்கள் காதைப் பொத்திக்கொள்ள முடியுமா என்றேன். போனார், கேட்டார். ரவாங் ஸ்டேஷனிலிருந்து பதில் வந்ததாம், லைன் சரியாக இருக்கிறது, நான் தவளைகளுக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று. கிள்ளானில் தந்தி மேசையில் இருக்கிறவர் நம் பக்கிரிசாமிதான், அப்பாவும் அவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். அவர், லைன் சரி, என் வீட்டுக்காரி தங்கமணி அப்பளம் காயப்போட்டிருக்கிறாள் என்றார். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும். அப்பா ஆளனுப்பிச் சொன்ன நிமிஷம் நானும் மாரியாயியும் ஆளுக்கிரண்டு ஈர மூட்டையோடு கிள்ளான் வண்டியில் ஏறிவிட்டோம், எனக்குப் பாஸ் இருக்கிறது, அவளுக்கு டிக்கெட் எடுத்தேன். மூட்டையிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஒழுகிப் பெட்டி முழுக்க ஓடுகிறது, எதிரே உட்கார்ந்திருந்த ஒரு செட்டியார் இரண்டு காலையும் பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டார். வண்டி கார்டு வந்து மூட்டையில் என்ன என்றார், மாரியாயி மறைக்கத் தெரியாமல், ஆபீசு கிராணிங்க கோட்டு சாமி என்றுவிட்டாள். அவர் மூட்டையைக் குடையால் குத்திப் பார்த்துவிட்டு, இதில் எத்தனை கிராணிகள் பாஸ் இல்லாமல் போகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். நான் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன், அவளுக்கு அடக்க முடியாத சிரிப்பு.

கிள்ளானில் இறங்கினால் வேலு, நம்பமாட்டாய், மண்டையைப் பிளக்கிற வெயில். அதைப் பார்த்து எனக்குக் கும்பிடத் தோன்றிற்று. பக்கிரிசாமி வீட்டுக்குப் பின்னால் ஒரு லாலான் புல் சரிவு, அதன்மேல் கோட்டுகளைக் கை விரித்து மல்லாக்கப் பரப்பினோம். பக்கிரிசாமி சாப்பாட்டுக்கு வந்தவர் பார்த்துவிட்டு, கோலாலம்பூர் ஆபீசில் நடக்கிறதுதான் இங்கேயும் நடக்கிறது, எல்லாக் கிராணிகளும் படுத்துத் தூங்குகிறார்கள் என்றார். தங்கமணிக்குத் தன் அப்பளத்துக்கு இடம் போய்விட்டதே என்று குறை, வாயால் சொல்லவில்லை, முணுமுணுத்துக்கொண்டே ஆட்டை விரட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கோட்டு ஓரங்களைத் தொட்டுப் பார்த்தவள், எல்லாம் காஞ்சுது, பைப் பக்கம் மட்டும் சொதசொதன்னு இருக்கே, பையை வெளியே இழுத்துவிடு மாரியாயி என்றாள். மாரியாயி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள், ஐயோ, பையில கை வைக்கக்கூடாதுன்னு பெரிய கிராணியாரு உத்தரவு என்றாள். அது நிஜம்தான், போன வருஷம் சின்னையாவின் மூக்குப்பொடி டப்பா காணாமல் போய், நீ அப்போது இங்கே இருந்தாயே, பையில் கையைவிட்டு இவள்தான் எடுத்தாள் என்று கத்தி, இனி நம் வரிசையில் எந்தக் கோட்டுப் பையிலும் வண்ணார் கை நுழையக்கூடாது என்று சட்டம் போட்டார். டப்பா அவருடைய குடைக்குள்ளேயே இருந்தது, சட்டம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. தங்கமணி, உங்க ஊர் உத்தரவு உங்க ஊரோட, இது கிள்ளான் லா என்று சொல்லிக்கொண்டே கையிலிருந்த கோட்டுப் பையைத் திருப்பி இழுத்தாள். உள்ளேயிருந்து காகிதக் கூழில் பொதிந்து மஞ்சள் களிம்பு ஒரு உருண்டை விழுந்தது. அடுத்த கோட்டு, அதிலும் ஒன்று. அடுத்தது, அதிலும். நான் உன் அப்பா கோட்டைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன், சந்தேகமே வேண்டாம், அதிலும்.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. போட்டோவுக்கு முந்தின வாரத்து வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு எல்லோரும் கூட்டமாக மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள், அம்மனுக்கு மஞ்சள் காப்பு. பூசாரி ஆளுக்கொரு பொட்டலம் மஞ்சள் பிரசாதம் கொடுத்திருக்கிறார். ஆண்பிள்ளைகள் மஞ்சளை என்ன செய்வார்கள், நெற்றியில் ஒரு தீற்றுத் தீற்றிக்கொண்டு மீதியை வீட்டில் கொடுக்கலாம் என்று பையில் போட்டிருக்கிறார்கள், சாமி பிரசாதம், வழியில் எறியவும் கூடாது. வீட்டுக்கு வந்ததும் மறந்தாயிற்று. மறுநாள் அப்படியே எடுத்து மூட்டையில் கட்டிவிட்டார்கள். ஒருவர் மறந்தால் ஒரு கோட்டோடு போயிருக்கும், வரிசையே சேர்ந்து பக்தியாக மறந்திருக்கிறது. மாரியாயி ஒரு கோட்டை எடுத்தாள், காலரில் அவள் வைத்த மூன்று புள்ளிக் குறி, சின்னையா வீட்டுக் குறி. அதன் பையில் மஞ்சளோடு கூட வாழை இலைக் கிழிசல், அதற்குள் கொஞ்சம் கொண்டைக்கடலைச் சுண்டல், கோயிலில் ஒரு முறை வெந்து, எங்கள் வெள்ளாவியில் மறுபடி வெந்து, எலுமிச்சம்பழச் சாறும் நீலமும் குடித்து வைரம் போல உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் புல்லில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் ஆடு பயந்து ஓடிவிட்டது. எனக்கு உடனே கோபமும் வந்தது. இதை அப்படியே கொண்டுபோய் அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டி, யார் பூசிய மஞ்சள் இது என்று நான் கேட்கிறேன் பார் என்றேன். சொன்ன பிறகு அவர் அப்பாவுக்கு மேலதிகாரி என்பது ஞாபகம் வந்து குரலைத் தணித்துக்கொண்டேன். மாரியாயி நிதானமாக, நீங்க ஒண்ணும் பேச வேணாம்மா, சாமி பிரசாதம், ஆத்துல குப்பையில போட முடியுமா, அவங்கவங்களுது அவங்கவங்களுக்குக் கொடுத்துடறேன் என்று சொல்லி ஒவ்வொரு உருண்டையையும் தனித்தனி இலையில் மடித்து அந்தந்தக் கோட்டுக்குறி மறக்காமல் முடிந்து வைத்துக்கொண்டாள்.

வெயில் தன் வேலையைச் செய்தது. கோட்டைப் புரட்டினால் கீழ்ப்பக்கம் மஞ்சள், மேல்பக்கம் மல்லிகை. புரட்டிப் புரட்டிப் போட்டோம். சாயங்காலம் மேகம் கறுப்பதற்குள் அள்ளி வண்டியைப் பிடித்தோம், ஈரம் போன மூட்டை பஞ்சு மாதிரி இருந்தது. ஒரே ஒரு குறை. தங்கமணி இடமில்லாத கோபத்தில் பத்துப் பன்னிரண்டு அப்பளத்தை ஒரு கோட்டு முதுகில் பரப்பியிருக்கிறாள், யாரும் கவனிக்கவில்லை. அப்பளம் இருந்த இடமெல்லாம் வெயில் படாமல் வட்டம் வட்டமாக மஞ்சள் நின்றுவிட்டது. யார் கோட்டு என்று கேட்பாயா, உன் அப்பாவுடையதுதான், வேறு யாருக்கு இந்த யோகம் வாய்க்கும். முன்பக்கம் சுத்தம், போட்டோவில் முதுகு தெரியாது என்று நான் தேற்றினேன். அன்றைக்கு முழுக்க ஆபீசில் அவர் சுவரோடு சுவராக நண்டு மாதிரிப் பக்கவாட்டிலேயே நடந்தாராம்.

சனிக்கிழமை காலை சபாபதி பெட்டி போட்டுக் கொடுத்த உடுப்புகளை மாரியாயி வீடு வீடாகக் கொண்டுபோனாள். நான் எங்கள் வாசல் தூணுக்குப் பின்னால் நின்று சின்னையா வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலரைப் பார்த்தார், மடிப்பைப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஒரு புள்ளி கிடைக்கவில்லை. கிடைக்காததில் அவருக்கு வருத்தம் என்று எனக்குத் தோன்றிற்று. சரி, இது இருக்கட்டும், ஆனால் சீனர் கடைக்குப் பேசிவிட்டேன், பேசினது பேசினதுதான் என்று ஆரம்பித்தார். மாரியாயி இடுப்பிலிருந்து அந்த இலைப் பொட்டலத்தை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டி, சாமி, அம்மன் பிரசாதம், உங்க கோட்டுப் பையில இருந்தது, எறியக்கூடாதுன்னு பத்திரமா வெச்சிருக்கேன் என்றாள். பிரசாதம் என்று சொல்லிவிட்டால் எப்பேர்ப்பட்ட பெரிய கிராணியானாலும் என்ன செய்ய முடியும் சொல். செருப்பைக் கழற்றினார். இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குள் அவர் சம்சாரம் உள்ளேயிருந்து, என்ன பிரசாதம், எனக்கும் கொடுங்கள் என்று வந்து இலையைப் பிரித்துப் பார்த்தார்கள். இது சுண்டல்தானே என்றார்கள். அன்றைக்குச் சுண்டல் எங்கே என்று கேட்டேனே, கூட்டத்தில் தீர்ந்துபோயிற்று என்றீர்களே, வழியிலேயே தின்றுவிட்டு மிச்சத்தைப் பையில் ஒளித்தீர்களா என்றார்கள். வரிசை முழுக்கச் சன்னல் திறந்தது. எல்லா வீட்டுக்கும் இலைப் பொட்டலம் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தபடியால் எந்த ஆண்பிள்ளையும் வெளியே தலை நீட்டவில்லை, நீட்டியதெல்லாம் பெண்கள்தான்.

அந்த அம்மாள் படியில் இறங்கி வந்து நின்றுகொண்டு, எனக்கு மட்டுமில்லை, வரிசைக்கே கேட்கிறமாதிரி சொன்னார்கள், சீனர் கடை நல்ல கடையாகவே இருக்கட்டும், அவர்களுக்கு இது பிரசாதம் என்று தெரியுமா, சாக்கடையில் கொட்டியிருப்பார்கள், அம்மன் மஞ்சளைச் சாக்கடையில் கொட்டின பாவம் எந்தத் தலையில் வந்து விடியும், இந்த வீட்டுத் துணி மாரியாயி கையைத் தவிர வேறு கைக்குப் போகாது, அடியே மாரியாயி, இனிமேல் நீ பையில் கைவிட்டுப் பார்த்த பிறகுதான் தண்ணீரில் போட வேண்டும், இது என் உத்தரவு என்று. பெரிய கிராணியார் இலையை ஏந்தியபடியே நின்றார், கீழே வைக்கவும் முடியாது, எறியவும் முடியாது. கடைசியில் அந்தச் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டார். கடிபட்ட சத்தம் என் காதில் விழுந்தது வேலு, சத்தியம். திங்கட்கிழமை மூட்டை கட்டிக்கொண்டு போக மாரியாயி வாசலில் நின்றபோது அவரே வெளியே வந்து, அவள் கேட்பதற்கு முன்னால் கால்சட்டைப் பை இரண்டையும் யானைக் காது மாதிரி வெளியே இழுத்துக் காட்டிவிட்டு உள்ளே போனார். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இரண்டு பேரும் சிரிக்கவில்லை, ரொம்பச் சிரமப்பட்டுத்தான்.

உன் அப்பாவும் சந்திரகலாவும் உனக்கு ஆசி சொல்லச் சொன்னார்கள், அவள் தங்கைதான், இருந்தாலும் ஆசி சொல்கிறாளாம். எல்லாத் தெய்வமும் உன்னோடு இருக்கட்டும், படிப்பும் உடம்பும் ஒன்றை ஒன்று தின்னாமல் இரண்டும் வளரட்டும், நீ நூறு வயது இருக்க வேண்டும். சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துக் குளி, கடற்கரைக்குப் போனால் கால் நனைக்கிற அளவோடு திரும்பு, ராத்திரி பாலில் மிளகு போட்டுக் குடி. ஹாஸ்டலில் துணி எடுக்க வருகிறவர் பெயர் என்ன என்று நீ ஒரு தடவைகூட எழுதவில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டு அவரை அண்ணே என்று கூப்பிடு.

இப்படிக்கு,
உன் முகத்தையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
சீதாலெட்சுமி